சரியாக 5.0 காட்டிய மானிட்டர்

புகார் மூன்றே வரி. இரண்டாம் அறுவை அறையின் மயக்க மருந்து மானிட்டர், நோயாளி வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை எப்போதும் கூட்டிக் காட்டுகிறது. இரத்த வாயுப் பரிசோதனையில் 40 மி.மீ. பாதரசம் வரும்போது திரையில் 43 நிற்கிறது. பார்க்கவும். கீழே மயக்கவியல் மருத்துவரின் கையெழுத்து.

மூன்று புள்ளி வித்தியாசத்துக்கா புகார் என்று சிலர் கேட்கலாம். எனக்கு உறுத்தியது வித்தியாசத்தின் அளவு அல்ல, அதன் திசை. தமனி இரத்தத்தில் இருப்பதைவிட மூச்சின் முடிவில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு இரண்டு முதல் ஐந்து மி.மீ. பாதரசம் குறைவாக இருப்பதுதான் வழக்கம். இரத்தம் ஓடாத நுரையீரல் பகுதிகளிலிருந்து வரும் காற்றும் அதில் கலந்துவிடுகிறது அல்லவா? கர்ப்பிணிகளிடமும் குழந்தைகளிடமும் சில நேரம் இது தலைகீழாக அமையும். அடுத்தடுத்து வந்த நான்கு பெரியவர்களிடம் அப்படி அமைந்தால் நோயாளிகளைச் சந்தேகிப்பதில் பொருளில்லை, பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மருத்துவமனைக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அறுவை இல்லாத பிற்பகல் ஒன்றில் கருவிப் பையோடு போனேன். கூடவே பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பியும் வந்தான். மானிட்டரை இயக்கி அரை மணி நேரம் சூடாக விட்டோம். அகச்சிவப்பு விளக்கும் உணரியும் நிலையான வெப்பத்துக்கு வராமல் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

அந்த அரை மணி நேரத்தில் தம்பிக்கு டப்பாவைக் காட்டினேன். காலிபிரேஷன் வாயு, அதாவது அளவு தெரிந்த கலவையைக் கொடுத்துக் கருவியைச் சரிபார்க்கும் வாயு, என்றதும் ஆளுயரச் சிலிண்டரை அவன் எதிர்பார்த்திருக்கிறான். இது பெயின்ட் ஸ்ப்ரே டப்பாவைவிடச் சற்றுப் பருமன், அவ்வளவுதான். கொள்ளளவு ஒரு லிட்டருக்கும் குறைவு, உள்ளே அழுத்தம் சுமார் 10 பார். தீர்ந்தால் மீண்டும் நிரப்ப முடியாது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் நான்கு எண்கள்: கார்பன் டை ஆக்சைடு 5.00 சதவீதம், ஆக்சிஜன் 54.5, நைட்ரஸ் ஆக்சைடு 36.0, டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து 2.00. மீதி நைட்ரஜன். காலாவதி தேதிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

“நம் அறைகளில் செவோஃப்ளூரேன்தானே கொடுக்கிறார்கள், டப்பாவில் எதற்கு டெஸ்ஃப்ளூரேன் சார்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. சீட்டின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். 10 பாரில் 2 சதவீதம் என்றால் அந்த மருந்தின் பங்கு அழுத்தம் 0.2 பார், அதாவது ஏறத்தாழ 150 மி.மீ. பாதரசம். 20 டிகிரி செல்சியஸில் செவோஃப்ளூரேன் ஆவியாகவே நிற்கக்கூடிய உச்சம், அதாவது அதன் ஆவியழுத்தமே, 157தான். அறை கொஞ்சம் குளிர்ந்தால் போதும், டப்பாவுக்குள் அது துளித்துளியாகப் படிந்துவிடும். வெளியே வரும் வாயுவில் 2 சதவீதம் இருக்காது, சீட்டில் மட்டும் இருக்கும். டெஸ்ஃப்ளூரேனின் ஆவியழுத்தம் அதே வெப்பத்தில் 670ஐ ஒட்டி இருப்பதால் அந்தக் கவலை இல்லை. புவியைச் சூடாக்குகிறது என்பதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல் டெஸ்ஃப்ளூரேனை மயக்கத்துக்குப் பயன்படுத்தத் தடை விதித்திருக்கிறது. மருத்துவக் காரணத்தால் தவிர்க்கவே முடியாத இடங்களுக்கு மட்டும் விலக்கு. அறுவை அறையில் ஓய்வு கொடுக்கப்படும் மருந்து டப்பாவுக்குள் வேலை பார்க்கிறது.

இதில் ஒரு குறை உண்டு, அதையும் அவனிடம் மறைக்கவில்லை. இந்த டப்பாவை வைத்து நாம் நேரடியாகச் சோதிப்பது டெஸ்ஃப்ளூரேன் அளவை மட்டும்தான். செவோஃப்ளூரேனும் ஐசோஃப்ளூரேனும் சரியாக வரும் என்பது, தயாரிப்பாளர் உள்ளே பதித்து வைத்திருக்கும் விகிதங்கள் மேல் உள்ள நம்பிக்கை. சிலர் மயக்க மருந்தை ஆவியாக்கிக் கலக்கும் ஆவியாக்கியை 2 சதவீதத்தில் திருகிவைத்து மானிட்டரும் 2 காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த ஆவியாக்கியைச் சரிபார்ப்பதே மானிட்டரை வைத்துத்தான் என்பதை மறந்துவிடுவார்கள்.

இனி இணைப்பு. மானிட்டர் நிமிடத்துக்கு 200 மி.லி. வாயுவைத் தானே உறிஞ்சும் வகை. டப்பாவின் ரெகுலேட்டர் நிமிடத்துக்கு அரை லிட்டர் விடும். இரண்டையும் நேராக இணைத்தால் உறிஞ்சியது போக மிஞ்சும் 300 மி.லி. போக வழியின்றி அளவறைக்குள் அழுத்தத்தை ஏற்றும், எல்லா எண்களும் பொய்யாக உயரும். ஆகவே நடுவில் மூன்று கால் கொண்ட டி இணைப்பு ஒன்று, அதன் ஒரு கால் திறந்தே இருக்க வேண்டும். மிஞ்சுவது அந்தக் காலின் வழியே வெளியேறும். மாறாக, ரெகுலேட்டர் 200க்கும் குறைவாக விட்டால் அதே காலின் வழியே அறைக்காற்று உள்ளே போய்க் கலக்கும், எண்கள் குறையும். எது நடக்கிறது என்று பார்க்கக் கையுறை விரல் ஒன்றை வெட்டித் திறந்த காலில் ஒரு நொடி தளர்வாகப் பிடித்தால் போதும். உப்பினால் மிச்சம் வெளியே வருகிறது, சப்பினால் பற்றாக்குறை. குழாயின் முனையைத் தண்ணீரில் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. பற்றாக்குறையாக இருந்தால் மானிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும், வேண்டாம். கலவையில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் இருப்பதால் ரெகுலேட்டரின் மரையில் எண்ணெயோ கிரீஸோ தொடக் கூடாது.

டி இணைப்பிலிருந்து மானிட்டரின் வாட்டர் டிராப், அதாவது மூச்சின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிண்ணம், வரை ஒரு மெல்லிய குழாய். நோயாளியின் மூச்சு வாயுவை மானிட்டருக்குக் கொண்டுவரும் சாம்பிள் லைனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைத் திருகுவேன். நான்கு வருடமாக என் பையில் இருக்கும் குழாய். இதைப் பற்றி அப்போது நான் வேறெதுவும் யோசிக்கவில்லை.

வாயுவைத் திறந்தேன். கையுறை விரல் உப்பியது. ஒரு நிமிடம் எண்கள் நிலைக்க விட்டுக் குறித்துக்கொண்டோம்.

இரண்டாம் அறை: கார்பன் டை ஆக்சைடு 5.0, நைட்ரஸ் ஆக்சைடு 36, டெஸ்ஃப்ளூரேன் 2.0, ஆக்சிஜன் 51.

புகார் வந்த பெட்டி அச்சடித்தாற்போல 5.0 காட்டுகிறது. ஆக்சிஜன் மட்டும் மூன்றரை குறைவு. ஆனால் இவ்வகை மானிட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 80601-2-55 நியமம் ஆக்சிஜனுக்கு 2.5 சதவீதப் புள்ளியும் அதற்கு மேல் அளவில் 2.5 சதவீதமும் பிழை அனுமதிக்கிறது. 54.5க்கு அது ஏறத்தாழ 3.9 ஆகும். 51 உள்ளேதான் வருகிறது. “கருவி சரியாக உள்ளது, நோயாளி நிலையைக் கவனிக்கவும்” என்று புகார்ச் சீட்டில் எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். நாங்கள் எழுதும் பதில்களில் பாதி இப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர்கள் முணுமுணுப்பது எனக்குத் தெரியும்.

ஒப்பிடுவதற்காக முதல் அறைக்கும் போனோம். அதே மாடல், அதே ஆண்டு வந்த பெட்டி. அங்கிருந்து எந்தப் புகாரும் இல்லை.

முதல் அறை: கார்பன் டை ஆக்சைடு 4.4க்கும் 4.5க்கும் இடையே தத்தளித்தது. நைட்ரஸ் ஆக்சைடு 32, டெஸ்ஃப்ளூரேன் 1.8, ஆக்சிஜன் 51.

“அப்படியானால் பழுது இங்கேதான் சார்” என்றான் தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன். திருத்தத் திரையைத் திறந்து, கடவுச்சொல்லைத் தட்டி, கார்பன் டை ஆக்சைடு வரியில் 5.0 என்று பதிந்தும்விட்டேன். உறுதி செய்யும் பொத்தான் மட்டும் பாக்கி.

என் கையை நிறுத்தியது தம்பியின் ஒரு வார்த்தை. “சார், ஒரே ஆள் இரண்டிலும் ஊதிப் பார்த்தால் என்ன?” விளையாட்டாகத்தான் கேட்டான். கேட்டது சரி. புதிய சாம்பிள் லைன் ஒன்றைப் பிரித்து, முனையில் சுத்தமான வாய்க்குழல் பொருத்தி, அவனையே நிதானமாக மூச்சு விடச் சொன்னேன். முதல் அறையில் மூச்சின் முடிவில் 37 மி.மீ. பாதரசம். அவனை நடத்தி அழைத்துப் போய் இரண்டு நிமிடம் உட்காரவைத்து இரண்டாம் அறையில் ஊதச் சொன்னோம். 42. திரும்பவும் முதல் அறை, 37. திரும்பவும் இரண்டாம் அறை, 41, 42.

மூச்சு ஒரு தர அளவு அல்ல, 37 சரியா 42 சரியா என்று அது சொல்லாது. இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டி விலகி நிற்கின்றன என்பதை மட்டும் சொல்லும். அதைத்தான் டப்பாவும் சொன்னது. எது பொய் என்பதில்தான் சாட்சிகள் முரண்பட்டார்கள். டப்பாவின் கணக்கில் முதல் அறை குறைத்துக் காட்டுகிறது. இரத்தப் பரிசோதனையின் கணக்கில் இரண்டாம் அறை கூட்டிக் காட்டுகிறது.

திருத்தத் திரையை மூடிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து முதல் அறை எண்களை எழுதினேன்.

5.00க்கு 4.45. வகுத்தால் 0.89.
36.0க்கு 32. வகுத்தால் 0.89.
2.00க்கு 1.8. வகுத்தால் 0.9, கடைசி இலக்கம் முழுமையாக்கப்பட்டது என்பதால் 0.89 என்றே கொள்ளலாம்.

மூன்று வெவ்வேறு வாயுக்கள். கார்பன் டை ஆக்சைடை மானிட்டர் 4.3 மைக்ரானை ஒட்டிய அலைநீளத்தில் பார்க்கிறது, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 4.5 மைக்ரானை ஒட்டிய பட்டை உண்டு, மயக்க ஆவிகளை 8 முதல் 12 மைக்ரான் வரையிலான பகுதியில் தேடுகிறது. வடிகட்டிகளும் வேறு. பழுதாகித் தடம் விலகுவதாக இருந்தால் ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று இன்னொரு பக்கமும் போகும். மூன்றும் கைகோத்துக்கொண்டு அதே 0.89க்கு இறங்கினால், வாயுவே நீர்த்துப் போய் வருகிறது என்று பொருள். நூறில் பதினொரு பங்கு வேறெதுவோ கலக்கிறது.

அந்த வேறெதுவோ அறைக்காற்றாக இருந்தால் ஆக்சிஜன் என்ன காட்ட வேண்டும்? 54.5இல் 89 சதவீதம் 48.5. அறைக்காற்றின் 20.9இல் 11 சதவீதம் 2.3. கூட்டினால் 50.8. திரையில் 51.

தம்பி கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தான். 50.8தான்.

ஆக்சிஜன் இரண்டு அறைகளிலும் 51 என்றே நின்றதற்குக் காரணம் அப்போதுதான் உறைத்தது. ஆக்சிஜன் அகச்சிவப்பை உறிஞ்சாது. அதை அளப்பது முற்றிலும் வேறு முறை, அதன் காந்த ஈர்ப்பை வைத்து. காந்தப்புலத்தில் கண்ணாடிக் குமிழ்களைத் தொங்கவிட்டு அவை எவ்வளவு திரும்புகின்றன என்று பார்த்து ஆக்சிஜனை அளக்கும் கருவியை லைனஸ் பாலிங் 1940இல் செய்தார். இன்றைய உணரிகளும் அந்த அடிப்படையில் வந்தவைதான். இந்த மாடலில் ஆக்சிஜனைத் திருத்துவது தனிப் படி. குழாய் வழி வரும் தூய ஆக்சிஜனைக் கொடுத்துச் செய்வது, டப்பாவைத் தொடுவதே இல்லை. ஆகவே டப்பா வழியாக வந்த பொய் ஆக்சிஜன் எண்ணை எட்டவில்லை. உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே எண் அது. நியம வரம்புக்குள் இருக்கிறது என்று அதைத்தான் நான் ஒதுக்கிவிட்டேன்.

கலப்பு எங்கே நடக்கிறது? டி இணைப்பின் திறந்த காலில் இல்லை, கையுறை விரல் உப்பியதைப் பார்த்தோம். மானிட்டருக்குள்ளோ வாட்டர் டிராப்பிலோ இருந்தால் இரண்டு பெட்டிகளிலும் ஒரே அளவு ஓட்டை விழுந்திருக்க வேண்டும், அது நடக்கிற காரியமா? இரண்டுக்கும் பொதுவானவை என் பையிலிருந்து வந்தவை மட்டும்.

நோயாளியின் சாம்பிள் லைனை மாட்டி அதன் முனையை விரலால் மூடினேன். சில நொடிகளில் அடைப்பு என்று மானிட்டர் எச்சரித்தது. அதைக் கழற்றி என் குழாயைத் திருகி, அதன் நடுவே மடித்து நெருக்கிப் பிடித்தேன். பத்து நொடி, இருபது நொடி, அரை நிமிடம். எச்சரிக்கை இல்லை. அடைபட்ட குழாயின் வழியே பம்ப் நிம்மதியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

குழாயைக் கழற்றி, மானிட்டர் பக்க முனையைச் சிறிய மூடியால் அடைத்து, மறு முனையிலிருந்து ஊசி போடும் சிரிஞ்சால் காற்றை மெதுவாக அழுத்தி, சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். நடுவில் ஒன்றுமில்லை. திருகும் லூயர் முனையின் கழுத்தில், பிளாஸ்டிக் வளையமும் குழாயும் சேரும் இடத்தில், கடுகைவிடச் சிறிய குமிழி ஒன்று முளைத்து, வளர்ந்து, உடைந்து, மறுபடி முளைத்தது. டார்ச் ஒளியைச் சாய்த்து அடித்தபோது விரிசல் தெரிந்தது. தலைமுடி கனம், நகத்தின் வெள்ளைப் பிறை அளவு நீளம். நேர் வெளிச்சத்தில் பார்த்தால் எதுவுமே தெரியவில்லை. நகத்தால் நெருடினால் மட்டும் இலேசாகத் தட்டியது.

இந்த இடத்தில் விரிசல் விட்டது தற்செயல் அல்ல. பம்ப் உறிஞ்சுவதால் குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. மானிட்டரை நெருங்க நெருங்க அந்தக் குறைவு அதிகம். விரிசல் டி இணைப்பின் அருகே இருந்திருந்தால் காற்று அவ்வளவாகப் புகுந்திருக்காது. வாட்டர் டிராப்பின் வாசலிலேயே இருந்ததால் நிமிடத்துக்கு இருபது சொச்சம் மி.லி. காற்றைக் கூசாமல் இழுத்துக்கொண்டது. விரிசலை உண்டாக்கியது யார் என்றால் நான்தான். லூயர் முனை இறுகிய பிறகும் பாதுகாப்புக்கு என்று கால் சுற்று கூடுதலாகத் திருகுவது என் கைப்பழக்கம். போதாக்குறைக்கு ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் துணியால் துடைப்பேன். இறுக்கத்தில் இருக்கும் பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளுக்கு ஆல்கஹால் ஆகாது, விரிசல் விடும். படித்ததுதான், கைக்கு எட்டவில்லை.

புதுக் குழாயை மாட்டினேன்.

முதல் அறை: 5.0, 36, 2.0, ஆக்சிஜன் 54.
இரண்டாம் அறை: 5.6, 40, 2.2, ஆக்சிஜன் 54.

நல்ல பெட்டி முதல் அறையில் இருந்தது. உறுதி செய்யும் பொத்தானை அன்று அழுத்தியிருந்தால் அதையும் கெடுத்திருப்பேன். பிறகு இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போயிருக்கும், இரண்டும் சேர்ந்து பொய் சொல்லியிருக்கும். அந்தக் குழாயை வைத்துச் சரிபார்க்கும்வரை எத்தனை முறை சரிபார்த்தாலும் 5.0 என்றே வந்திருக்கும்.

பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டினோம். இரண்டாம் அறை, ஒன்பது மாதத்துக்கு முன்பு, என் கையெழுத்து: “கார்பன் டை ஆக்சைடு 4.5 காட்டியது. திருத்தம் செய்யப்பட்டது. இப்போது 5.0. நைட்ரஸ் ஆக்சைடு, டெஸ்ஃப்ளூரேனும் திருத்தப்பட்டன. ஆக்சிஜன் 51, வரம்புக்குள்.” எல்லாமே அதில் இருந்தது. அன்று நான்கு எண்களையும் ஒரே வரியில் எழுதியவனுக்கு அவற்றைச் சேர்த்துப் படிக்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. நியமம் கார்பன் டை ஆக்சைடுக்கு 0.43 சதவீதப் புள்ளியும் அதன் மேல் அளவில் 8 சதவீதமும் பிழை அனுமதிக்கிறது. 5 சதவீத வாயுவுக்கு 4.17 முதல் 5.83 வரை. அன்று பார்த்த 4.5 அதற்குள்தான் இருந்தது. நைட்ரஸ் ஆக்சைடும் டெஸ்ஃப்ளூரேனும் அப்படியே. நியமப்படி நான் எதையும் தொட்டிருக்கவே வேண்டாம். எண் சரியாக 5.0 என்று நிற்க வேண்டும் என்ற என் பிடிவாதம்தான் தொடவைத்தது. அதே நியமத்தின்படி இன்றைய 5.6உம் தேர்ச்சிதான். இரண்டு தேர்ச்சிக்கும் நடுவே நோயாளி ஒருவர் படுத்திருக்கிறார். திரையில் 38 வரும்படி மயக்கவியல் மருத்துவர் செயற்கை மூச்சை அமைத்தால் உண்மையில் இருப்பது 34. தேவைக்கு மேல் மூச்சுக் கொடுத்து ஒன்பது மாதம் ஓட்டியிருக்கிறார்கள். நியமத்தின் வரம்பு பெட்டி தரமானதா என்பதைச் சொல்வது, திருத்தலாமா என்று கேட்பதற்கான அளவுகோல் அல்ல என்பது என் கருத்து. எண் விலகியிருந்தால் ஏன் விலகியது என்று தெரியாமல் திருத்தக் கூடாது.

இரண்டாம் அறைப் பெட்டியை அன்றே சரிசெய்தோம். முதலில் பூச்சியம். அறைக்காற்றைப் பூச்சியமாகக் கொண்டுதான் பெட்டி தன்னைச் சீர்செய்துகொள்கிறது. உறிஞ்சும் முனை நம் முகத்தருகே இருந்தால் நம் மூச்சே பூச்சியமாகிவிடும். அதைத் தவிர்க்க முனையைத் தள்ளிவைத்திருந்தேன். ஆனால் தம்பி அப்போதுதான் கைகளில் கிருமிநாசினி தேய்த்துக்கொண்டு அந்த முனையை எடுத்துக் கொடுத்தான். மயக்க ஆவியே இல்லாத அறையில் திரையில் மயக்க ஆவி 0.3 என்று ஒரு கணம் எட்டிப் பார்த்தது. ஆல்கஹால் ஆவியும் அகச்சிவப்பை உறிஞ்சும், பெட்டிக்கு அது வேறு ஏதோ மருந்தாகப் படும். கதவைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தோம். டப்பாவிலிருந்து வெளியேறும் வாயுவுக்கும் காற்றோட்டம் தேவை, ஆகவே அது வீண் நேரமில்லை.

பிறகு வாயுவைத் திறந்து மூன்று வாயுக்களையும் திருத்தினேன். இங்கே ஒரு சிக்கனப் பிரச்சினை. இந்த அளவு டப்பாவில் இருப்பது ஆறு லிட்டர் சொச்சம் வாயு. நிமிடத்துக்கு அரை லிட்டர் என்றால் பன்னிரண்டு நிமிடத்தில் காலி. அதனால்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள், எண் நிலைப்பதற்குள் பொத்தானை அழுத்துகிறார்கள். திருத்தும்போது முழுதாக ஒரு நிமிடம் விட்டேன். வாயு போனால் போகட்டும்.

திருத்திய டப்பாவையே வைத்துத் திரும்பச் சரிபார்ப்பதில் பொருளில்லை என்று அன்றுதான் பாடம் கற்றிருந்தேன். பையில் இன்னொரு டப்பா இருந்தது. கையடக்கக் கருவிகளுக்கானது, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி நைட்ரஜன். வேறு டப்பா, வேறு ரெகுலேட்டர், வேறு குழாய். அதைக் கொடுத்துத் திரையை மி.மீ. பாதரசத்துக்கு மாற்றச் சொன்னேன். தம்பி மாற்றிவிட்டு முகம் சுளித்தான். “சார், 5 சதவீதம் என்றால் 38 வர வேண்டும். 37தான் வருகிறது.”

760இல் 5 சதவீதம் 38. சரி. ஆனால் 760 என்பது கடல் மட்டத்துக் காற்றழுத்தம். நாங்கள் நின்ற இடம் அதைவிடக் கொஞ்சம் உயரம், மானிட்டரின் உள்ளிருக்கும் காற்றழுத்தமானி அன்று 735 காட்டியது. அதில் 5 சதவீதம் 36.75. திரையில் 37. இன்னொரு வலை இதற்குள் இருக்கிறது. டப்பா வாயு உலர்ந்தது, நுரையீரல் காற்று ஈரமானது. உடல் வெப்பத்தில் நீராவி மட்டும் 47 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும். சில பெட்டிகள் அதைத் தாமே கழித்துவிட்டுக் காட்டும். அப்படிப்பட்ட பெட்டியில் இதே டப்பாவுக்கு 735இலிருந்து 47ஐக் கழித்து, அதில் 5 சதவீதம், 34.4 வரும். அது பழுதல்ல. எந்த அமைப்பில் இருக்கிறது என்று பார்க்காமல் 38 வரும்வரை திருத்திக்கொண்டே போகிறவர்களும் இருக்கிறார்கள். இதனால்தான் டப்பாவைச் சதவீதத்தில் பார்ப்பதே எனக்கு வசதி.

கடைசியாகத் தம்பி இரண்டு அறையிலும் ஊதினான். 37, 37. நாளெல்லாம் ஊதி அவனுக்குத் தலை சுற்றியிருக்கும், நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

சங்கடமான வேலை அதற்குப் பிறகு இருந்தது. அந்தக் குழாய் எப்போது விரிசல் விட்டது என்று யாருக்கும் தெரியாது. பதிவேட்டில் ஆக்சிஜன் எண்ணைப் பின்னோக்கிப் படித்தேன். பதினான்கு மாதத்துக்கு முன்பு வரை எல்லாப் பெட்டிகளிலும் 54, 55. பிறகு ஒன்றில் 53. அதன் பின் 51, 51, 52, 51. விரிசல் வளர்ந்த கதை அந்த ஒரு வரிசையில் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தக் குழாயால் சரிபார்த்தவை ஐந்து பெட்டிகள். அவற்றில் நான் திருத்தியவை இரண்டாம் அறையையும் சேர்த்து மூன்று. மற்ற இரண்டை மறுநாள் காலை முதல் அறுவைக்கு முன்பே சரிசெய்தோம். ஒன்று 5.5, ஒன்று 5.6.

நிகழ்வு அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் “சோதனைக் குழாயில் கசிவு” என்று எழுதினால் போதுமானதாக இருந்திருக்கும். “கசியும் குழாயைக் கொண்டு நான் செய்த திருத்தம்” என்று எழுதினேன். சரிபார்ப்புப் படிவத்திலும் இரண்டு மாற்றம். வாயுவைத் திறப்பதற்கு முன் குழாயை நெருக்கிப் பிடித்து அடைப்பு எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்க ஒரு கட்டம். நான்கு எண்களையும் சீட்டின் எண்ணால் வகுத்து எழுத ஒரு வரி. பழைய குழாயை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதிப் பையின் மூடியில் ஒட்டிவைத்திருக்கிறேன். புதுக் குழாயைத் திருகும்போது கை தானாகக் கால் சுற்று கூடுதலாகப் போகிறது. உறையைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது.

அடுத்த வாரம் மருத்துவரிடமிருந்து சீட்டு வந்தது. இரத்தத்தில் 41, திரையில் 38. அதன் கீழே ஒரு கேள்வி: “முதல் அறையையும் பார்த்துவிட்டீர்களா?”

பார்த்துவிட்டோம் டாக்டர். 5.0, 36, 2.0. ஆக்சிஜன் 54.